போறேன் என்று சொன்ன வாய்

தங்கச்செல்வி காப்பித் தூக்குவாளியோடு வத்தல் மூட்டை அடுக்குகிற கிட்டங்கி வாசலில் வந்து நின்றபோது, உள்ளே அவளுடைய அண்ணன் பொம்பளைக் குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

"அய்யோ சாமி, எனக்கு என்ன தெரியும்? நான் அடுப்படியில கெடக்கிறவ. சாவி எங்க இருக்குன்னு எம் புருசன் ராசாவைத்தான் கேக்கணும்."

கூட இருந்த இரண்டு பேரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். "அப்ப கருவேலியைக் கொஞ்சம் மிரட்டிப் பாப்போம்" என்றது ஒரு குரல். அட்டையின் மேல் எதுவோ கடகடவென்று உருண்டது. அந்தச் சத்தம் செல்விக்குத் தெரியும். இருபது முகம் வைத்த சிவப்புக் கல் உருளுகிற சத்தம். கருவேலி என்ற பேரும் தெரியும். அருப்புக்கோட்டையில் அந்தப் பேர் யாருக்கும் கிடையாது. பதினஞ்சு வயசில் அவளே யோசித்து, அவளே தனக்கு வைத்துக்கொண்ட பேர் அது.

  செல்வி தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டு, வெளியிலேயே நின்று கேட்டாள்.

அண்ணன் சண்முகவேலின் சின்ன மகளுக்குக் காது குத்து. அதற்காகச் செல்வி புகுந்த வீடு இருக்கிற மல்லாங்கிணற்றிலிருந்து வெள்ளிக்கிழமையே வந்துவிட்டாள். புருசன் இருளப்பசாமி மொய் எழுதி, சாப்பிட்டு, கடையைப் பார்க்க அன்றைக்கே திரும்பிவிட்டார். இன்று ஞாயிறு சாயங்காலம் வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. மூன்று நாளாக விருந்தாளிகளுக்கு இலை போட்டு, இலை எடுத்து, சட்டி கழுவி ஓய்ந்தவளை, அம்மா சந்தனம்மாள்தான் கூப்பிட்டு வாளியைக் கையில் கொடுத்தாள். "உங்க அண்ணன் கிட்டங்கியில இருப்புச் சரக்கு பாத்துக்கிட்டு இருக்கான். செல்லப்பாண்டியும் இருக்கான் போல. இந்தக் காப்பியக் குடுத்துட்டு வெரசா வா. மாப்ள வந்துருவாக."

இருப்புச் சரக்கு. நல்ல சரக்குதான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவன் ஒரு ராச்சியத்தையே ஒன்பது வருசம் மறைத்து வைத்திருந்திருக்கிறான்.

என்ன ராச்சியம் என்று சொல்லிவிட வேண்டும். எண்பத்திரண்டில் சித்தப்பா மகன் அசோக் கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்தான். வரும்போது ஒரு டப்பா கொண்டுவந்தான். டப்பாவுக்குள் ஒரு இங்கிலீஷ் புத்தகம், கட்டம் போட்ட தாள் கொஞ்சம், அந்தச் சிவப்புக் கல். கப்பலில் தண்ணீர் பட்டுப் புத்தகத்தில் பாதித் தாள் ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் பார்த்தால் கிழிந்தது. பிரிந்தவரைக்கும் செல்விதான் அகராதியை வைத்துக்கொண்டு படித்துச் சொன்னாள். பிரியாத பாதியை அண்ணனும் தங்கையும் அண்ணனின் கூட்டாளி செல்லப்பாண்டியும் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். அசோக் திரும்பக் கப்பலுக்குப் போய்விட்டான். ஆட்டம் மட்டும் இங்கே தங்கிவிட்டது.

அதற்குப் பாளையம் என்று பேர் வைத்தார்கள். கேரம் போர்டின் பின்பக்கத்தில் சாக்பீஸால் நாடு வரைந்திருக்கும். ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் உண்டு. அந்த ஆளின் பலம், புத்தி, கையிருப்பு எல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கும். ஒருத்தர் கதை நடத்துவார். கூத்தில் வருகிற மாதிரி அவருக்குக் கட்டியக்காரன் என்று பேர். 'எதிரே கோட்டைக் கதவு, நாலு காவல்காரன், என்ன செய்யப்போற?' என்று கட்டியக்காரன் கேட்பான். நீ என்ன செய்கிறாய் என்று நீ சொல்ல வேண்டும். கஷ்டமான காரியம் என்றால் கல்லை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் காரியம் ஜெயம், சின்ன எண் விழுந்தால் அடி வாங்க வேண்டியதுதான். நாடும் சொந்த நாடுதான். திருச்சுழி சுழிக்கோட்டை ஆனது, பாலவனத்தம் பாலைவனம் ஆனது. குண்டாற்றில் தண்ணீர் வர வேண்டுமென்றால் இருபது விழ வேண்டும். நாலு வருசத்தில் இரண்டே தடவைதான் தண்ணீர் வந்தது. நிஜக் குண்டாறும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

சண்முகவேல்தான் கட்டியக்காரன். செல்வியின் ஆள் கருவேலி. மழையே வேண்டாம், எந்தத் தரிசிலும் முளைப்பேன், தொட்டால் முள் ஏறும் என்று நிற்கிற மரத்தின் பேரைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். கருவேலி களவுக்கும் போவாள், காவலுக்கும் போவாள். யாருக்கும் கும்பிடு போடமாட்டாள். இரண்டு மணி கட்டிய ஒரு வேல்கம்பு வைத்திருந்தாள். அதை ஜெயிக்க செல்விக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆனது. வீட்டில் அவள் என்ன பேசினாலும் 'சும்மா இரு புள்ள' என்பார்கள். பலகையில் கருவேலி ஒரு வார்த்தை சொன்னால் கோட்டை வாசலில் காவல்காரன் நடுங்குவான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அண்ணனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தான் வைத்த ராசாவையோ திருடனையோ மற்றவர்கள் ஜெயித்துவிட்டால் அவனுக்குப் பொறுக்காது. மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு "நான் போறேன்" என்று பாதியில் எழுந்துவிடுவான். மறுவாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து உட்காருவான். மூன்று தடவை பார்த்தாள் செல்வி. நாலாவது தடவை நீல அட்டை நோட்டை எடுத்துச் சட்டம் எழுதிவிட்டாள்.

நம் ஊரில் யாரும் போறேன் என்று சொல்லிக் கிளம்பமாட்டார்கள். பால்காரன்கூட வாரேன் என்றுதான் போவான். போறேன் என்றால் ஒரேயடியாகப் போகிறவன் சொல்கிற சொல். அதை வைத்தே எழுதினாள். பலகையை விட்டு எழுந்திருக்கிறவர் 'வாரேன்' என்று சொல்லி எழுந்தால் அவருடைய ஆள் கூடாரத்தில் தூங்குவார், அவரை யாரும் தொடக்கூடாது. 'போறேன்' என்று சொன்னால் அவருடைய ஆள் செத்தார். கட்டியக்காரனுக்கும் இதே சட்டம், போறேன் என்றால் இடம் போச்சு, கேட்டு உட்காருகிறவருக்கு அந்த இடம். சொன்ன வாயை மாற்றக்கூடாது. அண்ணன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் யார் என்ன சொல்லி எழுந்தார்கள் என்று நோட்டில் ஏறியது.

எண்பத்தாறு தை மாசம் செல்விக்குக் கல்யாணம் ஆனது. விருதுநகரில் காலேஜ் சீட்டு கிடைத்து மூன்று மாசம்தான் போயிருந்தாள். பொண்ணு பார்த்துப் பத்தாவது நாள் தாலி. "மல்லாங்கிணத்துல நல்ல இடம், என்ன குறை உனக்கு?" என்றார் அப்பா. அவளிடம் கேட்டது அந்த ஒரு கேள்விதான். அதற்கும் பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. காரில் ஏற்றும்போது வாசல்படியில் நிறுத்தி, "போயிட்டு வாரேன்னு சொல்லும்மா" என்று எல்லாப் பெரிய மனுசிகளும் எடுத்துக்கொடுத்தார்கள். செல்வி நிமிர்ந்து அப்பா முகத்தைப் பார்த்தாள். "போறேன்" என்றாள். தெருவே கேட்கிற மாதிரி சொன்னாள்.

அம்மா வாயைப் பொத்தினாள். ஒரு அத்தை, "இவ வாயில வசம்பை வச்சுத் தேய்க்க" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது நடந்தாலும் அந்த வார்த்தையில் வந்து முட்டும். பசு செத்தது, அன்றைக்கு அப்படிச் சொன்னாளே. அப்பா பஸ்ஸிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார், அன்றைக்கு அப்படிச் சொன்னாளே. எண்பத்தேழில் மழை பொய்த்ததற்குக்கூட ஒரு வாய் அவளைத்தான் சொன்னது. வானத்தில் இருக்கிற தண்ணீரையும் இவள்தான் அடைத்துவைத்தாள் போலிருக்கிறது.

தலை தீபாவளிக்கு வந்தபோது அண்ணனைத் தனியாகப் பிடித்து, "பாளையம் ஆடுறீகளா?" என்று கேட்டாள். அவள் கேட்க நினைத்தது வேறு. நானும் கொஞ்ச நேரம் உட்காரவா என்பதுதான் கேள்வி. "அதெல்லாம் சின்னப்பிள்ளை வெளையாட்டு. அப்பவே விட்டாச்சு" என்றான் சண்முகவேல். நம்பினாள். நம்பி, மனசுக்குள் கருவேலிக்கு ஒரு இடம் ஒதுக்கி, குண்டாற்றுக் கரையில் கூடாரத்தில் தூங்குகிறாள் என்று வைத்துக்கொண்டாள். ரேஷன் வரிசையில் நிற்கும்போது, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும்போது, அவள் தூங்குகிறாள், இருக்கிறாள் என்று ஒரு நினைப்பு. ஒன்பது வருசம் அப்படிப் போனது.

அந்தக் கருவேலியைத்தான் இவன் இங்கே அடுப்படியில் நிறுத்தி வைத்துக் கீச்சுக்குரலில் பேசவைக்கிறான், மூன்று ஆம்பிளைகளுமாக இளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

செல்வி உள்ளே போனாள். வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் அதே கேரம் போர்டு, அதே சாக்பீஸ் நாடு. வாளியைத் தூக்கிச் சுழிக்கோட்டையின் நட்டநடுவில் வைத்தாள். காப்பி தளும்பிப் பாலைவனத்தில் ஓடியது.

"கருவேலிக்குக் கல்யாணம் எப்ப ஆச்சு?" என்றாள்.

சண்முகவேல் திடுக்கிட்டுப்போனான். ஆனால் சமாளிக்கிற வித்தை அவனுக்குக் கைவந்தது. "ஏ, நீ எதுக்குப் புள்ள இங்க வந்த? வத்தல் நெடி ஒத்துக்காது உனக்கு. காப்பிய வச்சுட்டுப் போ."

"கல்யாணம் எப்ப ஆச்சுன்னு கேட்டேன்."

செல்லப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். பாத்திரக்கடைக்காரன், நல்லவன், ஆனால் அண்ணன் முன்னால் வாய் திறக்காதவன். மூன்றாவது ஆள் புதுசு. மாரிக்கண்ணன் என்று பேர், மில்லில் கிளார்க். நாலு வருசத்துக்கு முன்னால் ஆட்டத்தில் சேர்ந்தவன். அவன் ஒன்றும் புரியாமல் சண்முகவேலைப் பார்த்தான். "இவுக யாரு அண்ணாச்சி? கருவேலியப் பத்தி இவுகளுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் கருவேலி" என்றாள் செல்வி.

மாரிக்கண்ணன் எழுந்தே நின்றுவிட்டான். "அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. அது கதையில சும்மா வர்ற ஆளுன்னுல்ல நெனச்சேன். வடக்குப் பாளையத்து ராசா சம்சாரம், சாவி கேட்டா அழுவா, அம்புட்டுத்தான் அண்ணாச்சி சொன்னாக." தன் தாளைப் பார்த்தான். முகம் மாறியது. "இந்த மணி கட்டுன வேலு?"

"அது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"சேர்ந்தன்னைக்கே அண்ணாச்சி குடுத்தாக."

ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே. ஐந்து ஞாயிறு உருட்டி உருட்டி அவள் ஜெயித்ததை, சேர்ந்த அன்றைக்கே வந்தவனுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறான். செல்வி அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"விட்டாச்சுன்னு சொன்னியே."

"இடையில விட்டுத்தான் இருந்தோம். சும்மா பொழுதுபோக்கு. இதுக்குப் போயி..."

"எத்தனை நாளு விட்டீக?"

 செல்லப்பாண்டிதான் குனிந்தபடியே சொன்னான். "ஒரு வாரங்கூட விடல, செல்வி."

சண்முகவேல் அவனை முறைத்தான். பிறகு குரலை உயர்த்தினான். தப்பு செய்தவன் சத்தம் போட்டால் தப்பு தேய்ந்துவிடும் என்று சில பேருக்கு ஒரு நம்பிக்கை. "இப்ப என்னங்கிற? நீ போறேன்னு சொல்லிட்டுத்தான போன? ஊரே கேட்டுச்சு. நீ எழுதுன சட்டந்தான அது? போறேன்னா ஆள் போச்சு. நானா எழுதினேன்?"

இதுதான் அவன் பிடி. ஒன்பது வருசமாக அவன் இதை வைத்துத்தான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான் என்று செல்விக்குப் புரிந்தது. அவளுடைய சட்டத்தை வைத்தே அவள் வாயை அடைத்திருக்கிறான்.  ஆனால் கோபம் சில பேருக்குப் புத்தியை மறைக்கும், சில பேருக்குத் துலக்கிக் காட்டும். செல்வி இரண்டாவது வகை.

"சரி. போறேன்னா என்ன ஆகும்? சட்டத்துல என்ன எழுதியிருக்கு?"

"ஆள் செத்தாரு."

"அப்ப செத்தவளுக்கு எப்படிண்ணே கல்யாணம் பண்ணி வச்ச?"

மாரிக்கண்ணன் இருமினான். நெடியில் வந்த இருமலா, சிரிப்பை அடக்கிய இருமலா தெரியவில்லை.

சண்முகவேலுக்கு வேர்த்தது. "சாகடிக்க மனசு வரல புள்ள. தங்கச்சி வச்சிருந்த ஆளாச்சேன்னுதான், ஒரு நல்ல இடமாப் பாத்துக் கட்டிக் குடுத்தேன். ராசா வீடு. என்ன குறை?"

என்ன குறை. அப்பாவின் வார்த்தை, அப்பாவின் குரல், கையை விரித்த விதம்கூட அப்பாதான். நிஜத்தில் ஒரு தடவை, விளையாட்டில் ஒரு தடவை. இரண்டு தடவையும் அவளைக் கேட்காமல் நல்ல இடம் பார்த்திருக்கிறார்கள். செல்விக்கு அந்தக் கேரம் போர்டைத் தூக்கி அவன் தலையில் போட்டால் என்ன என்று இருந்தது. போடவில்லை. போட்டால் நாடு அழிந்துவிடும்.

"செல்லப்பாண்டி அண்ணே, நீல நோட்டு எங்க?"

"அது எங்கேயோ கெடக்கு, கரையான் தின்னுருக்கும்" என்றான் சண்முகவேல் முந்திக்கொண்டு.

செல்லப்பாண்டி எழுந்தான். மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தான். அதற்குள் நோட்டு இருந்தது. அட்டையில் நீலம் போய் வெள்ளையாகிவிட்டது. "படிங்கண்ணே" என்றாள் செல்வி. அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"பலகையை விட்டு எழுந்திருக்கிறவர்..."

"நிப்பாட்டுங்க. என்ன போட்டிருக்கு? பலகையை விட்டா, வீட்டை விட்டா?"

"பலகையை விட்டுத்தான் போட்டிருக்கு."

"நான் வாசப்படியில நின்னு எங்க அப்பாவைப் பாத்துச் சொன்னேன். பலகையில சொல்லல. கடைசியா பலகையில நான் என்ன சொல்லி எந்திரிச்சேன்? அந்தத் தாளைப் பொரட்டுங்க."

தாள்கள் புரண்டன. சண்முகவேல் தன் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று தெரியும். எழுதியது அவன் கைதானே.

செல்லப்பாண்டி படித்தான். "5.1.86 ஞாயிறு. குண்டாத்துக் கரை. கூடாரம் அடிச்சாச்சு. செல்லப்பாண்டி, வாரேன். செல்வி, வாரேன்."

 செல்வி அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். மனசுக்குள் அவள் ஒதுக்கி வைத்திருந்த இடம் பொய்யில்லை. கருவேலி அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். யாரும் தொடக்கூடாது என்று எழுதியும் இருக்கிறது.

"அப்ப நாலு வருசமா நான் மிரட்டிக்கிட்டு இருந்தது யாரை?" என்றான் மாரிக்கண்ணன். பதிலுக்குக் காத்திராமல் பென்சிலை எடுத்துத் தன் தாளில் மணி கட்டிய வேல்கம்பு என்ற வரியைக் கோடு போட்டு அடித்தான். "அக்கா, இது உங்களுது. எழுதிக்கங்க."

"ஏலே, என்னைக் கேக்காம எதுக்குலே அடிக்கிற?" சண்முகவேல் கத்தினான். "கட்டியக்காரன் நானா, அவளா? வருசக்கணக்கா நடத்திக்கிட்டு வாரேன், எங்கிருந்தோ வந்து நோட்டைத் தூக்கிக் காமிச்சதும் ஆளாளுக்கு நாட்டாமை பண்ணுறீக. பொம்பளைக்கு இங்க என்ன சோலி? போயி உன் மாமியாளுக்குப் பலகாரம் கட்டு, போ."

செல்வி ஒரு வத்தல் மூட்டையை இழுத்துப் பலகைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். "கல்லைக் குடு. கருவேலி முழிக்கிறா."

"தரமாட்டேன்."

"கல்லைக் குடுண்ணே."

"நான் சொல்லாம இங்க கல்லு உருளாது."

"சட்டத்துல அப்படி இல்ல. வேணும்னா செல்லப்பாண்டி அண்ணனைப் படிக்கச் சொல்றேன்."

செல்லப்பாண்டி நோட்டைப் பிரிக்கப் போனான். அதைப் பார்த்ததும் சண்முகவேலுக்கு உச்சிவரை ஏறிவிட்டது. தான் வைத்த ராசா தோற்றால் எப்படி மூஞ்சி போகுமோ, அப்படியே போனது மூஞ்சி. அப்பன் போன பிறகு கடைக்கு முதலாளி ஆகி, மீசை வைத்து, மூன்று பிள்ளை பெற்ற பிறகும், உள்ளே இருந்தது அதே பழைய சண்முகவேல்தான். சிவப்புக் கல்லை அட்டையில் விட்டெறிந்தான். துள்ளி எழுந்தான்.

"உன் கல்லும் ஆச்சு, உன் சட்டமும் ஆச்சு. நீயே நடத்திக்கோ. நான் போறேன்."

கல் உருண்டு உருண்டு காப்பியில் நின்றது. என்ன எண் என்று யாரும் பார்க்கவில்லை. மாரிக்கண்ணனின் வாய் திறந்தபடி இருந்தது. செல்லப்பாண்டி பேனாவின் மூடியைக் கழற்றி, மெதுவாகக் கேட்டான். "எழுதவா?"

அப்போதுதான் சண்முகவேலுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. கதவுவரை போனவன் திரும்பினான்.

"ஏலே, எழுதாத. கோவத்துல வந்த வார்த்தைலே அது. கோவத்துல சொன்னதையெல்லாம் எழுதுவாகளா?"

"நானுங் கோவத்துலதாண்ணே சொன்னேன்" என்றாள் செல்வி.

அவள் சத்தம் போடவில்லை. அதனாலேயே அவன் நகர முடியாமல் நின்றான்.

"பத்தொம்பது வயசு எனக்கு. படிப்பையும் விடச் சொல்லி, இந்தப் பலகையையும் விடச் சொல்லி, கார்ல ஏத்துறீக. கோவத்துலதான் சொன்னேன். பசு செத்தா எம்மேல. அப்பா கால் ஒடிஞ்சா எம்மேல. மழை பெய்யலைன்னாலும் எம்மேல. உனக்குத் தெரியும்ல, நான் கோவத்துல சொன்னேன்னு? ஒருத்தர்கிட்டயாவது சொன்னியா, விடுங்க, அவ கோவத்துல சொல்லிட்டான்னு? நீ என்ன பண்ணுன? அதே வார்த்தைய வச்சு என்னைக் கட்டிக் குடுத்து அடுப்படியில நிறுத்திட்ட."

  சண்முகவேல் பலகைப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தான்.

"நீ எந்திரிச்சுட்டண்ணே" என்றாள் செல்வி. "எழுதுங்க, செல்லப்பாண்டி அண்ணே."

செல்லப்பாண்டி எழுதினான். தேதி போட்டு, சண்முகவேல், போறேன் என்று எழுதினான். இருபது வருசக் கூட்டாளி முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் எழுதினான், ஆனால் எழுத்துக் கோணவில்லை.

"இடம் காலியா இருக்கு. நான் கேக்குறேன்" என்றாள் செல்வி. அவன் உட்கார்ந்திருந்த மணைக்கட்டையில் போய் உட்கார்ந்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் காப்பியைத் துடைத்தாள். சாக்பீஸ் கொஞ்சம் அழிந்தது, பரவாயில்லை, வரைந்துகொள்ளலாம்.

"கருவேலி தூங்கட்டும். அவளை எழுப்புறது என் இஷ்டம். இப்ப அந்த அடுப்படிக்கு வாங்க. அங்க நிக்கிற பொம்பளை கருவேலி இல்ல. அவளுக்குப் பேர் வைக்க யாருக்கும் தோணல. தம்பி, அவகிட்ட சாவி எங்கன்னு மறுபடியும் கேளுங்க."

மாரிக்கண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான். இப்போது அவன் குரலில் மிரட்டல் இல்லை. "அம்மா, சாவி எங்க இருக்கு?"

"அவளுக்கு நல்லாத் தெரியும்" என்றாள் செல்வி. கீச்சுக்குரல் இல்லை, அவளுடைய சொந்தக் குரல். "இத்தனை வருசமா இடுப்புலதான் சொருகி வச்சிருக்கா. நீங்க ராசாவைத் தேடிக்கிட்டு அலைஞ்சீக."

கதவருகில் நின்ற சண்முகவேல் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

அப்போது வாசலிலிருந்து அம்மாவின் சத்தம் வந்தது. "ஏ செல்வி, காப்பி குடுக்கப் போனவ என்ன பண்ணுற? மாப்ள வந்துட்டாக. பஸ்ஸுக்கு நேரமாச்சாம்."

செல்வி எழுந்திருக்க வேண்டியிருந்தது. எழுந்தாள். சிவப்புக் கல்லைத் துடைத்து, முந்தானை நுனியில் வைத்து முடிச்சுப் போட்டாள். இரண்டு முடிச்சு.

"கல்லைக் கொண்டுபோனா நாங்க எப்படி ஆடுறது?" என்றான் செல்லப்பாண்டி.

"ஆட வேண்டாம். நான் இல்லாம ஆடுனது போதும்." யாரும் குடிக்காத காப்பி வாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள். பலகையைப் பார்த்து, வாசலில் நிற்கிற அம்மாவுக்கும் மல்லாங்கிணற்றுக்காரருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "ஞாயித்துக்கிழமை வாரேன்."

செல்லப்பாண்டி அதை நோட்டில் எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, அண்ணனை விலகச் சொல்லி, வெளியே போனாள்.